மாமாவின் நண்பரிடம் 4 லட்சம் கொடுக்கலாமா?
அம்பாசமுத்திரம் நண்பருக்கு, அப்பா ரிட்டயரானபோது வந்த 4 லட்சத்தை மாமாவின் நண்பர் நடத்தும் பைனான்சில் மூணு வட்டிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாதம் நூற்றுக்கு 3 என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதைக் கொடுக்க அவர் யாருக்கு, என்ன வட்டிக்குக் கடன் விடுகிறார்? நம்ம திருநெல்வேலிப் பக்கம் ‘தெரிஞ்ச ஆளு’ என்றதும் கேள்வியை நிறுத்திவிடுகிறோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம் கடன் வாங்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாதே. டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பாருங்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019 சட்டம் தடை செய்திருக்கிறது. அப்பாவுக்கு 60 வயதாகிவிட்டதா? அப்படியென்றால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அப்புறம், மாமாவிடம் மறுத்துச் சொல்வதை அப்பா தலையில் போடாமல் நீங்களே பேசிவிடுங்கள்.