பெயில் கிடைத்தும் பாளையங்கோட்டை சிறையிலிருந்து தம்பியை விடவில்லை: பதில்

தம்பி மேல குண்டாஸ் போட்டிருக்கறதால, பெயில் உத்தரவை மட்டும் வச்சு வெளியே எடுக்க முடியாது அண்ணாச்சி. குண்டாஸ்ங்கறது (தமிழ்நாட்டின் தடுப்புக்காவல் சட்டம், 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம்) வழக்கு, பெயிலுக்கு அப்பாற்பட்ட தனி உத்தரவு, 12 மாதம் வரை அடைக்கலாம். அதை உடைக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமா அடைச்சவரை விடுவிக்கக் கேட்கும் மனு) போடணும்.

அடைச்சதுக்கான காரணங்களோட தம்பிகிட்ட கொடுத்த ஆவணக் கட்டைப் பக்கம் பக்கமா புரட்டுங்க. அடைச்ச 5 நாளுக்குள்ள கொடுத்தாங்களா? ஆங்கிலத் தாளுக்குத் தமிழ் நகல் இருக்கா? வாசிக்க முடியாம மங்கின ஜெராக்ஸ் உண்டா? பல உத்தரவுகள் இதுலதான் ரத்தாகியிருக்கு.

உள்துறைச் செயலாளருக்கு முறையீடு இன்னைக்கே அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்க. காரணமில்லாம பதிலைத் தாமதிச்சா அதுவே, அடைக்கப்பட்டவர் முறையிட உரிமை தர்ற அரசியலமைப்பின் 22(5) பிரிவை மீறினதாகும். விசாரணையே இல்லாம ஒரு மனுசனை அடைக்கிற அதிகாரம் இது. ஒருநாள் தாமதத்தையும் விட்டுக்கொடுக்காதீங்க.

ஒண்ணு கவனம்: தடுப்புக்காவல் சரியான்னு பார்க்கிற ஆலோசனைக் குழுமத்துல வக்கீல் வைக்க உரிமை கிடையாது, தம்பியே பேசணும். குண்டாஸ் ரத்தானாலும் பெயில் கிடைச்ச பழைய வழக்கு நிக்கும்.