பாட்டியின் ஃபெல்ட் தொப்பி: துவைக்கலாமா?

இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலேயப் பாட்டி காலமான பின், அவருடைய மகள் ஒரு தொப்பிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே கருநீல ஃபெல்ட் தொப்பி ஒன்று, முன்புறம் வலைத் திரையுடன் இருக்கிறது. 1947-இல் நடந்த தம் திருமணத்துக்கு உடையைத் தோழியிடம் இரவல் வாங்கியதாகவும், தொப்பியை மட்டும் கடையில் புதிதாக வாங்கியதாகவும் பாட்டி அடிக்கடி சொல்வார். இப்போது அதன் உச்சி நசுங்கி, தலையைச் சுற்றி அமரும் உள்பட்டையில் கறை படிந்து, விளிம்பில் ஒரு சிறு ஓட்டையும் விழுந்திருக்கிறது. இதைத் துவைக்கலாமா? எப்படிப் பாதுகாப்பது?”

துவைக்கவே கூடாது. ஃபெல்ட் என்பது கம்பளியையோ மயிரையோ அழுத்திச் செய்யும் தடித்த துணி. அந்தக் காலத்து ஃபெல்ட் தொப்பிகளின் வடிவம் அச்சில் வைத்து அழுத்தியதாலும், உள்ளே பூசிய விறைப்புப் பசையாலும் நிற்பது. தண்ணீர் பட்டால் பசை இளகி, ஃபெல்ட் சுருங்கி, வலைத் திரையும் துவண்டுவிடும்.

எந்த வேலையையும் தொடங்கும் முன், பாட்டி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். அவர் சொன்னது நம்பத்தக்கதுதான். பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் தொடங்கிய உடைப் பங்கீடு (ரேஷன்), இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் 1949 வரை நீடித்தது; கோட்டுக்கும் பாவாடைக்கும் காலணிக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது, ஆனால் தொப்பிக்குக் கூப்பன் தேவைப்படவில்லை. வரியும் தட்டுப்பாடும் விலையை ஏற்றியிருந்தாலும், கையில் கொஞ்சம் பணம் சேர்த்திருந்த மணப்பெண் கூப்பன் இல்லாமல் புதிதாக வாங்கக்கூடிய வெகுசில பொருள்களில் தொப்பியும் ஒன்று. உடை இரவலாகவும் தொப்பி புதியதாகவும் இருந்ததன் காரணம் இதுவாக இருக்கலாம். வைக்கோல் பின்னலில் தொடங்கி தலைமுறை தலைமுறையாகத் தொப்பித் தொழிலால் வளர்ந்த ஊர் லூட்டன்; அங்கே உள்ள கால்பந்து அணியை இன்றும் ‘ஹேட்டர்ஸ்’ (தொப்பிக்காரர்கள்) என்றுதான் அழைக்கிறார்கள். உள்பட்டையை மெல்ல மடித்துப் பாருங்கள்; தயாரித்தவர் அல்லது விற்ற கடையின் முத்திரை இருந்தால் அதையும் படமெடுத்து, எழுதிய தாளோடு சேருங்கள்.

அடுத்தது அந்தக் கறை. பழைய தொப்பிகளைச் செப்பனிடும் இத்தொழிலுக்கு நான் வந்த புதிதில், ஒருவர் கொண்டுவந்த தொப்பியின் உள்பட்டையை மிகுந்த கவனத்தோடு சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, “அம்மாவின் பவுடர் வாசனை போய்விட்டதே” என்று சொல்லி வெகுநேரம் பேசாமல் நின்றார். அன்றிலிருந்து, பூச்சியோ பூஞ்சையோ இல்லாத உள்பட்டைக் கறையை நான் தொடுவதில்லை. பட்டையின் மடிப்பில் சிக்கிய ஒரு நரைமுடி, நெற்றி படும் இடத்தில் பழுப்பேறிய வியர்வைக் கோடு, முகப்பவுடரின் வெளிர் படலம் ஆகியவை அழுக்கல்ல. அந்தத் தலை அங்கே இருந்ததற்கான சாட்சி.

வெளிப்புறத் தூசியை மட்டும் நீக்குங்கள். மென்மையான தூரிகையால், ஃபெல்ட்டின் மயிர் படிந்திருக்கும் திசையில் மெதுவாகத் தடவினால் போதும். தட்டவோ உதறவோ வேண்டாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. முயல் மயிரால் ஆன பழைய ஃபெல்ட்டைத் தயாரிக்கப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள்; அந்த நஞ்சு ஃபெல்ட்டில் இன்னும் தங்கியிருந்து தூசியோடு பறக்கலாம். அமெரிக்காவில் அம்முறை 1941-இல்தான் தடை செய்யப்பட்டது. ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல; ஆகவே கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பிள்ளைகள் தலையில் வைத்து விளையாட விடாதீர்கள். நசுங்கிய உச்சிக்குக் கெட்டில் ஆவி காட்டும்படி பலர் யோசனை சொல்வார்கள். எந்த ஃபெல்ட் என்று தெரியாத நிலையில் அதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அமிலமற்ற டிஷ்யூ தாளைக் கசக்கி உச்சிக்குள் சிறிது சிறிதாக, சில வாரங்கள் இடைவெளி விட்டு நிரப்பினால், பெரும்பாலும் நசுக்கல் தானாகத் தளரும்.

விளிம்பில் உள்ள ஓட்டை அந்துப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். அதன் புழு கம்பளியையும் மயிரையும் இறகையும் தின்னும், வைக்கோலைத் தொடாது. தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் ஈரம் ஃபெல்ட்டின் மீது படியும். பாசி மணியோ பிளாஸ்டிக் அலங்காரமோ ஒட்டப்பட்டிருந்தால் ஃப்ரீசர் வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், வாசனையோ ஒருபோதும் போகாது, பவுடர் மணத்தை அது முழுங்கிவிடும்.

ஒருமுறையாவது அணிந்து பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கும், அது இயல்பே. ஆனால் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும் நாளில் வேண்டாம்; எண்ணெய் ஃபெல்ட்டில் இறங்கினால் திரும்ப வராது, பாட்டியின் கறைக்கு மேல் உங்கள் கறை படிந்துவிடும். தலைக்குக் குளித்து நன்றாக உலர்ந்த பின், மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்து, ஒரு நிழற்படம் எடுக்கும் நேரம் மட்டும் அணியலாம்.

அதன் பிறகு, உச்சியை டிஷ்யூ தாங்க, விளிம்பு பெட்டியின் அடியில் அழுந்தாதபடி வைத்து, பெட்டியை அறை வெப்பத்தில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பரணும் நிலவறையும் உதவாது. எழுதிய தாளை ஒரு தனி உறையில் போட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டி, அதன் இன்னொரு படியைப் பாட்டியின் மகளுக்கு அனுப்புங்கள். அந்தத் திருமண நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அவர் அதில் எழுதிச் சேர்க்கக்கூடும்.