ஹாரிஸ்பர்க் பக்கம் வரும் தம்பிக்கு

தம்பி, பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, மகளை நைந்த் கிரேடில் சேர்க்க வேண்டும், "அங்கே பள்ளியில் பரிணாமக் கொள்கையைச் சொல்லித்தர விடமாட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். என் மகன் இங்கேதான் படித்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது டோவர் கதையாக இருக்கும். இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 2004இல் அந்த ஊர் ஸ்கூல் போர்டு (ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி நிர்வாகக் குழு), நைந்த் கிரேடு பயாலஜி வகுப்பில் ஓர் அறிக்கையை வாசிக்கச் சொன்னது. டார்வின் சொன்னதில் ஓட்டைகள் இருக்கின்றன, உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்திதான் வடிவமைத்தது என்கிற 'இன்டெலிஜென்ட் டிசைன்' என்று வேறொரு விளக்கமும் உண்டு, அதற்கான புத்தகமும் பள்ளியில் கிடைக்கும் என்று நாலு பத்தி. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள்.

பெற்றோர் பதினொரு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். கடவுள்தான் உயிர்களைப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அரசுப் பள்ளியில் அறிவியல் என்று நடத்தக் கூடாது என 1987இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. டோவரில் வந்தது அதே சரக்கு, புதுப் பெயரில். எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளைக் கோர்ட்டில் காட்டினார்கள். 'படைப்புவாதிகள்' என்று இருந்ததை அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 'டிசைன் ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் பாதி மட்டும் மாறி, இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு கிடந்தது!

2005 டிசம்பரில் நீதிபதி ஜோன்ஸ் இது அறிவியலே இல்லை என்று தீர்ப்பளித்தார். அவரை நியமித்தவர், இன்டெலிஜென்ட் டிசைனையும் பள்ளியில் சொல்லித்தரலாம் என்ற ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்தான் என்பதை இங்கே இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு முந்தைய மாதமே தேர்தலில் நின்ற பழைய போர்டு ஆட்கள் எட்டுப் பேரும் தோற்றிருந்தார்கள். வழக்குச் செலவு பத்து லட்சம் டாலர், ஊர்க்காரர்களின் வரிப்பணம்.

அதனால் பாடப்புத்தகத்தைவிட போர்டைக் கவனியுங்கள். விசாவில் இருக்கும்வரை ஓட்டு கிடையாது, ஆனால் போர்டு கூட்டத்தில் எழுந்து பேசலாம்.

அப்புறம், லஞ்ச் டேபிளில் யாராவது உங்கள் மகளிடம் "நாம் குரங்கிலிருந்தா வந்தோம்?" என்று கேட்கலாம். என் மகனிடம் கேட்ட பையன்தான் இன்றும் அவனுக்கு நெருங்கிய நண்பன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். கிண்டல் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சேர்க்கைக்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், மறக்காமல் எடுத்து வாருங்கள்.