‘போல’ வந்தால் எல்லாம் உவமையா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. எப்படி மாற்றுவது?

பதில்: அந்த விதி இரண்டு பக்கமும் ஓட்டை என்பதை முதலில் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். ‘போல’ இருக்கிறது, உவமை இல்லை, அது ஊகம். ‘தம்பியும் அண்ணனைப் போல உயரம்’ என்பது வெறும் ஒப்பீடு. அடுத்து ‘மலர்முகம்’ என்று எழுதுங்கள். ‘போல’ இல்லை, ஆனால் அது உவமைத்தொகை, அதாவது ‘போல’ மறைந்து நிற்கும் உவமை. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’ (குறள் 396) என்பதிலும் உருபு (‘போல’ போன்ற ஒப்புமைச் சொல்) கிடையாது. அது எடுத்துக்காட்டு உவமை.

இனி நான்கு கட்டம் போடுங்கள்: உவமை (எதனோடு ஒப்பிடுகிறோம்), பொருள் (எதை ஒப்பிடுகிறோம்), உருபு, பொதுத்தன்மை. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ (151) என்ற குறளைக் கொடுத்தால் முதல் மூன்று கட்டமும் சீக்கிரம் நிரம்பிவிடும். நான்காவதில் ‘பொறுமை’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே விடாதீர்கள். நிலம் என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று கேளுங்கள். தன்னைத் தோண்டுகிறவன் காலூன்றி நிற்கவும் அதே நிலம்தான் இடம் கொடுக்கிறது என்பது வாயில் வரும்வரை காத்திருங்கள். பாடத்தின் முக்கால்வாசி இந்த நான்காம் கட்டம்தான்.

திணறினால் தொல்காப்பியத்தின் உவமவியல் கைகொடுக்கும். வினை, பயன், மெய், உரு என்று ஒப்புமைக்கு நான்கு அடிப்படைகளை அது சொல்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போன்ற கொடை என்றால் பயன். துடியிடை (உடுக்கை போன்ற இடை) மெய், அதாவது வடிவம். பவளவாய் உரு, அதாவது நிறம். ‘இது எந்த வகை ஒப்பு?’ என்ற ஒரு கேள்வியே பாதி மயக்கத்தைத் தீர்த்துவிடும்.

உருவகத்துக்குச் சொல்லைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். முகமலர் என்றால் முகமாகிய மலர். இரண்டும் வேறல்ல என்று கவிஞர் சாதிக்கிறார். ‘ஆகிய’ போட்டுப் படித்துப் பொருந்தினால் உருவகம். இலக்கண வரையறையை இதற்கெல்லாம் பிறகு எழுதிப் போட்டால் போதும். முதலிலேயே எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்துவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணியையும் உவமை என்றே எழுதுகிறார்களே?

பதில்: பாடநூல்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டிலேயே ‘போல்’ இருப்பதுதான் காரணம். சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் ‘வாரல்’ என்பனபோல் மறித்துக் கைகாட்டுகின்றன. குறிப்பேட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இயல்பாக நடப்பது: கொடி அசைகிறது. உண்மைக் காரணம்: காற்று. கவிஞர் ஏற்றிச் சொல்லும் காரணம்: ‘வராதீர்கள்’ என்று தடுக்கிறது. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் வேறுபட்டால் அது தற்குறிப்பேற்றம். உவமைக்கு இந்த மூன்று வரியை எழுதவே முடியாது. அங்கே காரணம் பற்றிய பேச்சே இல்லை.

கேள்வி: புலவரை அறிமுகம் செய்தாலே வகுப்பு தூங்கிவிடுகிறது. பெயர், ஊர், நூல் என்று ஒப்பிப்பதோடு சரி.

பதில்: பாடலை முதலில் கொடுங்கள், புலவரைப் பிறகு. குறுந்தொகையில் இதற்கென்றே அமைந்ததுபோலச் சில பாடல்கள் உண்டு. பாடியவர் பெயர் தெரியாமல், பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள்: செம்புலப்பெயனீரார் (40), அணிலாடு முன்றிலார் (41), விட்ட குதிரையார் (74), ஓரேருழவர் (131).

இளையவர்களுக்கு 41 நல்ல தேர்வு. காதலர் அருகில் இருந்தால் விழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன். பிரிந்தால், மக்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடும் வீடு போலப் பொலிவிழப்பேன் என்கிறாள் தலைவி. புலவர் பெயரை மறைத்துவிட்டு இரண்டு முறை வாசியுங்கள். (பாட்டில் வரும் ‘சாறு’ என்றால் விழா என்று முன்னரே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழச்சாற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.) இந்தக் கவிஞருக்கு நீங்கள் பெயர் வைப்பதானால் எந்தத் தொடரை எடுப்பீர்கள் என்று கேட்டு, காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு பெயரைத் திறந்து காட்டுங்கள். ஆளில்லாத வீடு என்று நேரே சொல்லாமல் அணிலை ஏன் கொண்டுவந்தார் என்ற விவாதம் தானாகக் கிளம்பும்: மனிதர் நடமாடும் முற்றத்தில் அணில் அச்சமின்றி ஆடாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் வேறு வேறு புலவர்கள் இருப்பதைச் சொல்லிவையுங்கள். அதியமானைப் பாடிய சங்க ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய ஔவையார் வேறு. இருவரையும் ஒருவராக்கிக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் ஏராளம்.

கேள்வி: சொந்தமாக உவமை எழுதச் சொன்னால் எல்லோரும் ‘நிலவு போன்ற முகம்’ என்கிறார்கள்.

பதில்: நிலவு, மலர், மயில், தேன், கடல் ஐந்தையும் அந்த வகுப்புக்குத் தடை செய்யுங்கள். பொருளை மட்டும் கொடுக்காமல் பண்பையும் சேர்த்துக் கொடுங்கள்: ‘கோபம், திடீரென வந்து, மெதுவாக அடங்குவது.’ அதே பண்பு உள்ள மூன்று பொருள்களைத் தேடி எழுதிவிட்டு, இரண்டை அடிக்கச் சொல்லுங்கள். முதலில் தோன்றுவது பெரும்பாலும் எங்கோ கேட்டதாகவே இருக்கும்.

கேள்வி: தேர்வில் அணியின் பெயர் சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிறது. ஏன்?

பதில்: பொருத்தம் எழுதாததுதான். இலக்கணம், செய்யுள், விளக்கத்தோடு முடித்துவிடுகிறார்கள். ‘பிறவிப் பெருங்கடல்’ குறளை (10) ஏகதேச உருவகம் என்று சொன்னால் போதாது. பிறவியைக் கடலாக உருவகித்தவர், இறைவனடியைத் தெப்பமாக உருவகிக்காமல் விட்டார். ஆகவே ஏகதேசம் என்று அந்த ஒரு வரியையும் எழுத வேண்டும்.