பிரசவச் செலவு யார் வீட்டுக் கணக்கில்?

அன்புள்ள அம்மா,

தஞ்சாவூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். ஏழை நாடுகளில் தாய்மார் சிகிச்சைக்கு ஆகும் செலவு பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்தத் துறைக்கு வர ஆசை. "அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். அதில் உனக்கென்ன கணக்கு? பேங்க் பரீட்சை எழுது" என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

பேங்க் பரீட்சையையும் எழுதி வையுங்கள். இந்தத் துறையில் பல வேலைகள் ப்ராஜெக்ட் முடியும்வரைதான்.

அப்பாவின் கேள்விக்கு உங்கள் ஊர்ப்பக்கமே பதில் இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள், தலைப்பிரசவம் அங்கேதான். நீடாமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேதாரண்யத்தில் குழந்தை பிறக்கும். கணக்கெடுப்பவர் நீடாமங்கலத்துத் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு செலவாச்சு என்று கேட்டால், "ஒண்ணும் ஆகலை, தர்மாஸ்பத்திரிதானே" என்பார் மாமியார். பொய்யில்லை, அவர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. 108 வருவதற்குள் பயந்துபோய்ப் பிடித்த கார், வெளியே எடுத்த ஸ்கேன், துணைக்கு இருந்த அம்மா நடவு நேரத்தில் விட்ட கூலி, அடகுக்குப் போன தோடு எல்லாம் வேதாரண்யத்துக் கணக்கு. எந்த வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வதே இந்தத் தொழிலில் பாதி.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல தொகைதான். ஆனால் தவணையாக வருகிறது. தோடு அடகுக்குப் போகும் முன் வந்ததா, போன பிறகு வந்ததா என்றுதான் நான் பார்ப்பேன். மேடையில் அறிவிக்கிறவர்களுக்கு அந்தத் தேதி முக்கியமில்லை.

ருவாண்டாவில் சுகாதார நிலையங்களுக்கு வேலைக்கேற்ற ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நிலையத்துக்கு வந்து பிள்ளை பெறுவது 23 சதவீதம் கூடியிருந்தது. கர்ப்பகாலத்தில் நான்கு முறை பரிசோதனைக்கு வருவது மட்டும் கூடவில்லை. ஒரு பிரசவத்துக்கு நிலையத்துக்குக் கிடைத்தது நாலரை டாலருக்குச் சற்று மேல். நான்கு பரிசோதனையும் முடித்தால் அரை டாலர்கூட இல்லை. போதாததற்கு, அந்த நான்கு முறையும் வருவதும் வராததும் கர்ப்பிணியின் கையில், அவள் வீட்டு வேலையின் கையில். நர்ஸ் என்ன செய்வார்? இதில் நர்ஸ்களின் அலட்சியத்தைத் தேடியவர்களும் உண்டு, எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

புள்ளியியலை விடாதீர்கள். விடுமுறையில் கிராம சுகாதார செவிலியரோடு சில நாள் சுற்ற அனுமதி கேளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று மாவட்ட அறிக்கைகளில், அரசு மருத்துவமனையில் ஒரு பிரசவத்துக்குச் சராசரியாக எவ்வளவு கைக்காசு போனது என்று ஒரு வரி இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துப் பக்கத்தை எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.