சுற்றுலா போகும் இடத்தில் ஒருவர் குப்பை போடுவதும் போடாததும் அவர் நாட்டுப் பண்பாட்டைப் பொறுத்ததா?

ஓரளவுக்கு ஆமாம். ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

நெதர்லாந்து ஆய்வாளர் ஹொஃப்ஸ்டெட், கணினி நிறுவனமான ஐபிஎம்மின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாட்டுப் பண்பாடுகளை அளந்தார். 'நான்' முதலா, 'நாம்' முதலா என்பது அதில் ஓர் அளவுகோல். 'நாம்' என்று வளர்ந்தவர் பொது இடத்தைப் பார்த்துக்கொள்வார் என்று தோன்றும். அந்த 'நாம்' வீட்டு வாசலோடு நின்றுவிட்டால்? வீடு பளிச்சென்று இருக்கும், கடற்கரையில் பாட்டில் கிடக்கும்.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். 2018, 2022 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜப்பான் ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் கையில் பையோடு குனிந்து குப்பை பொறுக்கினார்களே, அது அந்தப் பழக்கம் விமானம் ஏறி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், விடுமுறை மனநிலை. வீட்டில் குழாயை இறுக மூடுபவர்கூட ஹோட்டலில் தினம் புதுத் துண்டு கேட்பார். காசு கொடுத்தாச்சே! 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்ற அட்டையைவிட 'இங்கே தங்கிய பெரும்பாலானோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்' என்ற அட்டைக்கே அதிகம் பேர் இணங்கினார்கள்.

பலாவு தீவு நாடு 2017 முதல் பயணிகளின் பாஸ்போர்ட்டிலேயே சுற்றுச்சூழல் உறுதிமொழியை முத்திரை குத்திக் கையெழுத்து வாங்குகிறது, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி.