ஏழாவது சுற்றுக்கு ஒரு க்வார்ட்டர்பேக்

கேள்வி: எங்கள் மகள் படிக்கும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் க்வார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் பையனை, மூன்று வருடமாக ஓர் ஆட்டம் விடாமல் பார்த்து வருகிறோம். மூன்று பாஸ் எறிந்தால் இரண்டு, பிடிக்க ஓடும் ரிசீவர் கையில் போய்ச் சேர்கிறது. ஆனாலும் உயரம் போதாது, தோளில் வலு சுமார், அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் கடைசிச் சுற்றுகளான ஆறாவது ஏழாவதில் போனாலே பெரிது என்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் இப்படி ஒரு பையனை எதை வைத்து எடைபோடுகின்றன?
— ஒஹையோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டுச் சண்டையில் நான் பாதிக்குமேல் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த ‘மூன்றில் இரண்டு’ கணக்கை வைத்து மட்டும் வாதாடாதீர்கள். அணிக்கு ஆள் தேடும் எந்த ஸ்கவுட்டும் அதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

ஓர் ஆட்டத்தின் பதிவை எடுத்துக்கொண்டு, தாளும் பென்சிலுமாக உட்காருங்கள். ஸ்னாப் ஆன, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கிய, கோட்டுக்குப் பின்னாலேயே பிடிக்கப்படும் ஸ்க்ரீன் பாஸ்களை முதலில் அடித்துவிடுங்கள். பிறகு, எதிரணியில் ஒரே ஒருவனைப் பார்த்து ஓட்டமா பாஸா என்று முடிவெடுக்கும் ஆர்.பி.ஓ. பாஸ்களைத் தனியாக ஒதுக்குங்கள். கல்லூரி விதிப்படி பாஸ் வீசும்போது, க்வார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன்கள் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போகலாம். என்.எஃப்.எல்.லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டில்தான் தடுக்க நிற்கும் டிஃபென்ஸ்காரன் ஓட்டம் என்று ஏமாந்து முன்னே வருவான், அவன் முதுகுக்குப் பின்னால் பாஸ் சுலபமாக விழும். மேலே போனால் அந்தச் சலுகை கிடையாது.

இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதில், 10 முதல் 20 யார்டு தூரத்தில், மைதானத்தின் நடுவே, ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்துக்கு எறிந்தவை எத்தனை என்று பாருங்கள். சில ஆட்டங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பையனின் ஜாதகம் அந்தச் சிலவற்றில்தான் இருக்கிறது.

தோள் வலு பற்றி ஒன்று. ஒவ்வொரு தடவையும் பந்தை இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையில்தான் வைப்பார்கள். கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் இடது ஹாஷில் பந்து இருக்கும்போது வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி இருக்கிறது. மேல்நிலையில் அதே எறிக்குக் குறுக்குத் தூரம் ஏறத்தாழ 89 அடிதான். ஆகவே தூர ஹாஷிலிருந்து எதிர்ப்பக்க ஓரத்துக்கு எறிந்த பாஸ்களை மட்டும் தேடிப் பாருங்கள். பந்து கடைசியில் தொய்கிறதா? அதைவிட முக்கியமாக, ரிசீவர் வெளிப்பக்கம் திரும்புமுன்பே பந்து கையை விட்டுப் புறப்பட்டதா? முன்பே புறப்பட்டிருந்தால் சுமாரான தோளும் ஈடுகொடுக்கும். ரிசீவர் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எறிகிறான் என்றால், எவ்வளவு வலுவான தோளாக இருந்தாலும் என்.எஃப்.எல்.லில் அந்த இடைவெளி மூடிவிடும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. ஒன்பது வருடம் ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு நான் வீடியோ எடுத்தேன். மகன் லைன்மேனாக ஆடினான், அவன் முடித்துப் போன பிறகும் நான் விடவில்லை. மைதானத்தின் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்குப் பின்னால் ஓர் உயரமான மேடை, அதில் நானும் கேமராவும். தொலைக்காட்சி பந்தின் பின்னால் ஓடும். எண்ட் ஸோன் கேமராவுக்குத்தான் க்வார்ட்டர்பேக்கின் பாதங்கள் தெரியும்.

ஒரு பையன் இருந்தான், நல்ல உயரம், பந்து கையிலிருந்து கிளம்பினால் விசிலடிக்கும். முதலில் பார்த்த ரிசீவரை ஒருவன் மறைத்துவிட்டால் போதும், சுடுமணலில் நிற்பவன் போல அவன் பாதங்கள் குதிக்கத் தொடங்கும். கண் கீழே இறங்கி, தன்னை நோக்கி வருகிறவர்களைப் பார்க்கும். அதோடு அந்த முயற்சி முடிந்தது. அவனுக்குப் பின் வந்தவன் குள்ளம். ஒரு மழை இரவு, மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 9 யார்டு வேண்டும். முதல் ரிசீவரைப் பார்த்தான், வழி இல்லை. இடது குதிகால் லேசாக எழும்பியது, இடுப்பு திரும்பியது, பாதம் இரண்டாவது ரிசீவரை நோக்கித் தானாக வந்து நின்றது. அங்கும் வழி இல்லை. இன்னொரு சின்ன எட்டு, மூன்றாவது ஆளுக்குப் பாஸ். மார்பில் ஒருவன் வந்து மோதியபோது பந்து போய்விட்டிருந்தது. அந்த ஐந்து நொடியை நான் வீட்டில் எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கண்ணும் பாதமும் ஒன்றாகப் போகிற க்வார்ட்டர்பேக்குக்கு மற்ற குறைகளை மூடிக்கொள்ள வழி இருக்கிறது. பிந்தைய சுற்றுகளுக்கு வரும் எல்லாப் பையனிடமும் வெளியில் தெரியும் குறை ஒன்று இருக்கத்தான் செய்யும், இல்லாவிட்டால் முதல் நாளே போயிருப்பான். அந்தக் குறை உடம்பில் இருக்கிறதா, பார்வையில் இருக்கிறதா என்பதைத்தான் நான் தேடுவேன்.

அடுத்து, நெருக்கடி வரும்போது எத்தனை தடவை சாக் ஆகிறான், அதாவது எறியுமுன் வீழ்த்தப்படுகிறான், என்று எண்ணுங்கள். சாக் ஆனால் லைன்மேனைத் திட்டுவது நம் வழக்கம். ஆனால் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் பையனோடுதான் பயணம் செய்யும், அணி மாறினாலும் கூடவே வரும்.

இதையெல்லாம் நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1999-இல் நான் மிச்சிகன் பல்கலைக்கழகம் உள்ள ஆன் ஆர்பரில் முதுகலை மாணவன். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் மிச்சிகன் அணியில் முதல் கால்பகுதி, பின்னாளில் என்.எஃப்.எல்.லின் மிகப் பெரிய க்வார்ட்டர்பேக்குகளில் ஒருவனான டாம் பிரேடிக்கு, இரண்டாவது ட்ரூ ஹென்சனுக்கு, இடைவேளைக்குப் பிறகு யார் என்பதைப் பயிற்சியாளர் லாயிட் கார் முடிவுசெய்வார். ஹென்சன் அந்த மாநிலத்துப் பையன், பேஸ்பாலிலும் கெட்டிக்காரன், பார்க்கவே கம்பீரம். எங்கள் வரிசை முழுக்க அவனுக்காகத்தான் கத்தியது, நானும் கத்தினேன். பருவத்தின் பின்பாதியில் பிரேடி தனியாக அணியை நடத்தினான். 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்ச் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, இரண்டு முறையும் எழுந்துவந்தான். 369 யார்டு, 4 டச்டவுன், கூடுதல் நேரத்தில் 35-34. அதைப் பார்த்த பிறகும் 40 யார்டை 5.28 நொடியில் ஓடிய அந்த ஒல்லிப் பையன் டிராஃப்டில் 199-ஆவது ஆளாகத்தான் போனான். அவனுக்கு முன்னால் ஆறு க்வார்ட்டர்பேக்குகள். எனக்குக் கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது, அதனால்தான் பாதத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆனால் பிரேடியைக் காட்டி வீட்டில் வாதாட வேண்டாம். பிந்தைய சுற்றில் வருகிறவர்களில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் மறைந்துபோகிறார்கள். அணிகளின் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஓர் அணியில் 53 இடம். ஆறாவது சுற்றில் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரனை எடுத்தால் முதல் வாரமே கிக்காஃபில் ஓடுவான். க்வார்ட்டர்பேக்கை எடுத்தால் ஒன்றிரண்டு வருடம் உட்கார்ந்துதான் இருப்பான். அப்படி உட்கார வைத்துச் சோறு போடுகிற அளவுக்கு அவனிடம் என்ன இருக்கிறது என்பதே அவர்களின் கேள்வி.

அதனால்தான் நேர்முகத்தில் பலகையில் ஓர் ஆட்டத்திட்டத்தைக் கற்றுக்கொடுத்து, நடுவில் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, முதலில் சொன்னதை வரைந்துகாட்டு என்பார்கள். 2024-க்கு முன்பு பல கல்லூரி அணிகளில் ஓரத்திலிருந்து அட்டையும் கைச்சைகையும் காட்டினால் போதுமாக இருந்தது. என்.எஃப்.எல்.லில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் நீளமான ஓர் ஆட்டத்திட்டத்தின் பெயர் ஒருமுறை காதில் விழும், கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ நின்றுவிடும். அதற்குள் அதை வாங்கி, பத்துப் பேருக்குத் தடுமாறாமல் திருப்பிச் சொல்லி, கோட்டுக்கு வந்து எதிரணியைப் படிக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து ஆடிய உங்கள் பையனுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. அவன் பலவிதமான டிஃபென்ஸைப் பார்த்துவிட்டான். பழைய பயிற்சியாளர் பில் பார்செல்ஸ், கடைசி வருடம் வரை படித்தவனா, மூன்று வருடம் தொடர்ந்து ஆடியவனா, பட்டம் வாங்கினானா என்றுதான் க்வார்ட்டர்பேக்கைப் பற்றி முதலில் கேட்பாராம்.

கேள்வி: உள்ளங்கையைக்கூட அங்குலக் கணக்கில் அளக்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?
— டாலஸிலிருந்து ஒரு மாணவர்

பதில்: டிராஃப்டுக்கு முன் ஆட்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் கையை விரித்து வைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளப்பார்கள். 9 அங்குலத்துக்குக் கீழே போனால் புருவம் உயரும். மழையிலும் குளிரிலும் பந்து வழுக்குமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் 2022-ஐப் பாருங்கள். க்வார்ட்டர்பேக் கென்னி பிக்கெட்டின் கை 8.5 அங்குலம், முதல் சுற்றில் 20-ஆவது ஆளாகப் பிட்ஸ்பர்க் எடுத்தது. அதே டிராஃப்டில் 262-ஆவதாக, கடைசி ஆளாகப் போனவர் அயோவா ஸ்டேட்டின் ப்ராக் பர்டி. நான்கு வருடம் கல்லூரியில் ஆடியவர், உயரம் 6 அடிக்குக் கொஞ்சம் மேல், யாரையும் அசத்தும் தோள் இல்லை. அந்த டிசம்பரிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் முதல் இரண்டு க்வார்ட்டர்பேக்குகளும் காயத்தில் விழுந்தபின் களமிறங்கினார். அடுத்த பருவத்தில் அணியை என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். 2025-இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5 வருடத்துக்கு 26.5 கோடி டாலர். அவர் பழைய கல்லூரி ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள், ரிசீவர் திரும்புமுன் பந்து புறப்படுவது அப்போதே தெரியும். தேவையில்லாத இடத்தில் துணிந்து எறிந்து பந்தைப் பறிகொடுத்ததும் தெரியும். இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: ஏழாவது சுற்றில் போவதைவிட, யாருமே எடுக்காமல் விட்டால் நல்லது என்று ஒரு நண்பர் சொல்கிறார். இது என்ன நியாயம்?
— நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. டிராஃப்டில் எடுத்தால் 4 வருட ஒப்பந்தம், எடுத்த அணிதான் வீடு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். எடுக்காமல் விட்டால் 3 வருட ஒப்பந்தம், ஆனால் எந்த அணி என்று பையனே முடிவு செய்யலாம். 2003-இல் டோனி ரோமோ என்ற க்வார்ட்டர்பேக்கை யாரும் எடுக்கவில்லை. அவர் டாலஸைத் தேர்ந்தெடுத்தார். அங்கே க்வார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்த ஷான் பேய்டன், ரோமோ படித்த ஈஸ்டர்ன் இல்லினாய்ஸிலேயே அதே இடத்தில் ஆடியவர். பையனின் பலம் என்ன என்று தெரிந்த ஒருவர் அணிக்குள் இருந்தார். ரோமோ முதல் மூன்று பருவங்களில் ஒரு பாஸ்கூட எறியவில்லை, நான்காவதில்தான் அணி அவர் கைக்கு வந்தது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2023 ஜனவரியில் பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பர்டியின் முழங்கை போய், அவருக்குப் பதிலாக வந்தவரும் தலையில் அடிபட்டு வெளியேற, எறிய முடியாத கையோடு பர்டியே திரும்பி வந்து நின்றார். பார்க்கவே மனம் கனத்தது. அந்த வருடமே, ஆட்டநாளில் மூன்றாவது க்வார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. மூன்றாவது நாற்காலிக்கு மறுபடி ஒரு மதிப்பு.

ஆகவே டிராஃப்டின் மூன்றாம் நாள், சனிக்கிழமை, ஏழாவது சுற்றின் பாதி தாண்டியும் பெயர் வரவில்லையென்றால் பையனின் வீட்டில் யாரும் அழ வேண்டாம். ஏஜென்ட்டின் கைபேசி அப்போதே அடிக்கத் தொடங்கியிருக்கும். அழைக்கிற அணியில் எத்தனை க்வார்ட்டர்பேக்குகள், முதல் ஆளுக்கு என்ன வயது, பயிற்சியாளர் அடுத்த வருடமும் இருப்பாரா, இந்த மூன்றையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையெழுத்துப் பணம் எவ்வளவு என்பது நான்காவது கேள்வி.